தொழுகை நேரமும் தொலைக்காட்சி நேரமும்: மாதச் சந்தா இல்லாமல் எச்.டி. நிகழ்ச்சிகளைப் பதிவு செய்வது எப்படி?



2025 மார்ச் 9-ஆம் தேதி நடந்த சாம்பியன்ஸ் டிராபி கிரிக்கெட் இறுதிப் போட்டி பலருக்கும் நினைவிருக்கும். அது ரமளான் மாதம். துபாயில் இந்தியாவும் நியூசிலாந்தும் மோதிய அந்த ஆட்டம் நம் நேரப்படி பகல் 2.30-க்குத் தொடங்கி, இஷாவையும் தராவீஹையும் தாண்டி நீண்டது. பள்ளிவாசலில் வழக்கமாக வாலிபர்கள் நிற்கும் வரிசைகள் அன்று எப்படி இருந்தன என்பதை ஒவ்வோர் ஊர் ஜமாஅத்தும் அறியும்.

பிள்ளைகளைத் திட்டுவது எளிது. ஆனால் "தொழுதுவிட்டு வா, ஆட்டம் உனக்காகக் காத்திருக்கும்" என்று சொல்ல முடிந்தால் அது இன்னும் நல்லதல்லவா? அப்படிச் சொல்வதற்கான வசதி இன்று 3,000 ரூபாய்க்குள் கிடைக்கிறது. மாதச் சந்தாவும் கிடையாது. அதியமான்கோட்டையில் எங்கள் வீட்டு மாடியில் இதைப் பொருத்திப் பயன்படுத்திய அனுபவத்தையும், இது தொடர்பான சட்டம், மார்க்க விவரங்களையும் தொகுத்துத் தருகிறோம்.

ஆன்டெனா காலம் முடிந்துவிட்டதா?

வெளிநாட்டில் இருக்கும் உறவினர்கள், "இங்கே ஆன்டெனா வைத்தாலே எச்.டி. சேனல்கள் இலவசமாக வருகின்றன, பதிவும் செய்கிறோம்" என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது உண்மைதான். பிரிட்டனில் 2002 முதல் ஃப்ரீவியூ என்ற இலவச டிஜிட்டல் ஒளிபரப்பு இருக்கிறது. அமெரிக்காவில் 2009 ஜூன் மாதத்தோடு பெரிய நிலையங்கள் எல்லாம் டிஜிட்டலுக்கு மாறிவிட்டன. அங்கெல்லாம் ஒரு சிறிய ஆன்டெனாவும் ஒரு பதிவுப் பெட்டியும் போதும்.

நம் நாட்டு நிலை வேறு. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15-இல் தொடங்கியபின், மாடிக்கு மாடி அலுமினியக் கம்பி ஆன்டெனா நின்ற காலம் ஒன்று இருந்தது. அந்தப் பழைய அனலாக் கோபுரங்களைத் தூர்தர்ஷன் படிப்படியாக நிறுத்தியது. எல்லைப்புறம் போன்ற முக்கியமான சுமார் 50 இடங்களைத் தவிர மற்றவற்றை 2022 மார்ச் மாதத்துக்குள் மூடுவதாகப் பிரசார் பாரதி அறிவித்தது. சென்னை போன்ற சில பெருநகரங்களில் டிஜிட்டல் தரைவழி ஒளிபரப்பு தொடங்கப்பட்டாலும், அந்த அலை தருமபுரி மாவட்டம் வரை எட்டாது. ஆகவே, "எச்.டி. ஆன்டெனா, 100 சேனல் இலவசம்" என்று இணையத்தில் விற்கப்படும் சிறிய ஆன்டெனாவை வாங்கி ஏமாற வேண்டாம். நம் ஊரில் அது பிடிப்பதற்கு அலையே இல்லை.

நமக்கு வானிலிருந்து இலவசமாக வருவது செயற்கைக்கோள் வழி ஒளிபரப்பு. அதன் பெயர் டிடி ஃப்ரீ டிஷ்.

டிடி ஃப்ரீ டிஷ் என்றால் என்ன?

இது பிரசார் பாரதி நடத்தும் இலவச டி.டி.எச். சேவை. 2004 டிசம்பரில் டிடி டைரக்ட் பிளஸ் என்ற பெயரில் 33 சேனல்களுடன் தொடங்கியது. இன்று நாடு முழுவதும் 4 கோடிக்கும் அதிகமான வீடுகளில் இருப்பதாக மதிப்பிடப்படுகிறது. ஒரு முறை டிஷ்ஷும் பெட்டியும் வாங்கிப் பொருத்தினால் போதும். ரீசார்ஜ், பேக்கேஜ் எதுவும் இல்லை. 2015 நவம்பரில் ஏவப்பட்ட இஸ்ரோவின் ஜிசாட்-15 செயற்கைக்கோள் மூலம் இது ஒளிபரப்பாகிறது. அது நிலநடுக்கோட்டுக்கு மேலே, கிழக்குத் தீர்க்கரேகை 93.5 பாகையில் நிற்கிறது.

வாங்குவதற்கு முன் இதில் என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

கிடைப்பவை: டிடி தமிழ் (2024 ஜனவரி வரை பொதிகை என்று அழைக்கப்பட்டது), டிடி ஸ்போர்ட்ஸ், டிடி நியூஸ், டிடி உருது, மற்ற மாநில தூர்தர்ஷன் சேனல்கள், மாணவர்களுக்கான பி.எம். இ-வித்யா பாடச் சேனல்கள், ஸ்வயம் பிரபா உயர்கல்விச் சேனல்கள், ஏலத்தில் இடம்பிடித்த தனியார் சேனல்கள்.

கிடைக்காதவை: பெரிய தமிழ்ப் பொழுதுபோக்குச் சேனல்கள். அவை கட்டணச் சேனல்கள். தனியார் சேனல்களில் இந்திச் சேனல்களே மிகுதி. மக்கா, மதீனா ஹரம் ஷரீஃபிலிருந்து வரும் சவூதியின் குர்ஆன், சுன்னா சேனல்களும் இந்த டிஷ்ஷில் வராது. அவற்றை இணையத்தில்தான் பார்க்க வேண்டும்.

எச்.டி. தரத்தைப் பொறுத்தவரை, தூர்தர்ஷனின் ஸ்போர்ட்ஸ், நியூஸ் போன்ற சில சேனல்கள் மட்டுமே எச்.டி.யில் வருகின்றன. மற்றவை சாதாரணத் தரம்தான். சீரியல்களுக்காக வாங்குகிறவர்களுக்கு இது ஏமாற்றம் தரும். விளையாட்டு, செய்தி, பிள்ளைகளின் பாடம் ஆகியவற்றுக்கு இது போதும்.

விளையாட்டுக்கு ஒரு சட்ட ஆதாரமும் உண்டு. தேசிய முக்கியத்துவம் வாய்ந்தவை என்று அரசு அறிவிக்கும் போட்டிகளின் ஒளிபரப்பைத் தனியார் நிறுவனங்கள் பிரசார் பாரதியுடன் பகிர வேண்டும் என்று 2007-இல் ஒரு சட்டம் வந்தது. அப்படிப் பகிரப்படும் ஒளிபரப்பைத் தூர்தர்ஷன் தன் தரைவழி ஒளிபரப்பிலும் ஃப்ரீ டிஷ்ஷிலும் மட்டுமே தர வேண்டும் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கேபிளில் தூர்தர்ஷனைப் பார்க்கும்போது ஆட்டம் மட்டும் வராமல் போவதற்குக் காரணம் இதுதான்.

என்னென்ன வாங்க வேண்டும்?

1. டிஷ்: 60 செ.மீ. அளவு போதும். பழைய டி.டி.எச். டிஷ் மாடியில் சும்மா கிடந்தால், துருப்பிடிக்காமல் இருந்தால், அதையே திருப்பி வைத்துக்கொள்ளலாம்.

2. எல்.என்.பி.: டிஷ்ஷின் முன்னால் நிற்கும் சிறிய மூக்கு போன்ற கருவி. "யுனிவர்சல், 9750–10600" என்று கேட்டு வாங்குங்கள்.

3. ஆர்.ஜி-6 கேபிள்: மாடியிலிருந்து கூடம் வரை அளந்து, நடுவில் ஒட்டு இல்லாமல் ஒரே துண்டாக வாங்குங்கள்.

4. எம்பெக்-4 எச்.டி. செட்டாப் பாக்ஸ்: கவனிக்க வேண்டிய பொருள் இதுதான். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் எம்பெக்-2 பெட்டியில் எச்.டி. சேனல்கள் வரவே வராது. எம்பெக்-4 பெட்டியில் இரண்டு வகையும் வரும்.

5. பென் டிரைவ்: 32 அல்லது 64 ஜி.பி.

முதல் நான்கும் சேர்ந்து 2,000 ரூபாய் அளவில் முடியும். கடைக்குக் கடை விலை மாறும். பொருத்துபவர் கூலி தனி. ஒப்பிட்டுப் பாருங்கள்: மாதம் 250 ரூபாய் சந்தா கட்டும் வீட்டுக்கு ஆண்டுக்கு 3,000 ரூபாய், ஐந்து ஆண்டுக்கு 15,000 ரூபாய். பிள்ளையின் நோட்டுப் புத்தகத்துக்கும் பெருநாள் உடுப்புக்கும் கணக்குப் பார்க்கும் வீட்டில் இது சிறிய தொகை அல்ல.

பெட்டி வாங்கும்போது கடைக்காரரிடம் ஒன்றைக் கேட்க மறக்காதீர்கள்: "இதில் யு.எஸ்.பி. ரெக்கார்டிங் உண்டா?" பெட்டியில் யு.எஸ்.பி. துளை இருப்பதால் மட்டும் பதிவு வசதி இருப்பதாக நினைக்க வேண்டாம். சில பெட்டிகளில் அந்தத் துளை பாட்டு, படம் போட்டுப் பார்க்க மட்டுமே. கையோடு ஒரு பென் டிரைவை எடுத்துச் சென்று, கடையிலேயே இரண்டு நிமிடம் பதிவு செய்து, அதைத் திரும்ப ஓட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

டிஷ்ஷை எந்தப் பக்கம் திருப்புவது?

அதியமான்கோட்டை, தருமபுரி, நல்லம்பள்ளி சுற்றுவட்டாரத்தில் ஜிசாட்-15 இருக்கும் திசை வடக்கிலிருந்து வலமாக எண்ணினால் சுமார் 127 பாகை, அதாவது தென்கிழக்கு. அடிவானத்திலிருந்து சுமார் 67 பாகை உயரத்தில் இருக்கிறது.

நம் வீடுகளில் இதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு. எல்லோருக்கும் கிப்லா தெரியும். நம் பகுதியில் கிப்லா சுமார் 289 பாகை. கிப்லாவுக்கு நேர் எதிர்த் திசையைப் பார்த்து நின்று, அங்கிருந்து வலக்கைப் பக்கம் 18 பாகை, ஏறத்தாழ ஒரு சாண் அளவு திரும்பினால் செயற்கைக்கோளின் திசை வந்துவிடும். (கையை நேராக நீட்டி விரல்களை விரித்தால், கட்டைவிரல் நுனிக்கும் சுண்டுவிரல் நுனிக்கும் இடையே தெரியும் அகலம் சுமார் 20 பாகை.) பிறகு பெட்டியின் சிக்னல் அளவைப் பார்த்தபடி டிஷ்ஷைக் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்துச் சரிசெய்யலாம். ஒருவர் மாடியிலும் ஒருவர் டி.வி. முன்னாலும் போனில் பேசிக்கொண்டு செய்தால் அரை மணி நேர வேலை.

உயரம் 67 பாகை என்பதால் பக்கத்து வீட்டுச் சுவர் பெரும்பாலும் மறைக்காது. தென்கிழக்கே ஒட்டி நிற்கும் தென்னைதான் மறைக்கும். வேலையை முடித்ததும் போல்ட்டுகளை நன்றாக முறுக்கிவிடுங்கள். ஆடிக்காற்றில் இரண்டு பாகை நகர்ந்தாலும் படம் போய்விடும்.

பதிவு செய்யும்போது கவனிக்க வேண்டியவை

பென் டிரைவைச் செருகி, ரிமோட்டில் சிவப்புப் புள்ளியோ 'ரெக்' என்ற எழுத்தோ உள்ள பட்டனை அழுத்தினால் பதிவு தொடங்கும். நிறுத்த 'ஸ்டாப்'. இவ்வளவுதான். ஆனால் நடைமுறையில் சறுக்கும் இடங்கள் சில உண்டு. அவற்றில் பலவற்றில் நாங்களும் சறுக்கியிருக்கிறோம்.

*கடிகாரம்:* பெட்டி தன் நேரத்தைச் செயற்கைக்கோளிலிருந்து எடுத்துக்கொள்கிறது. அது உலகப் பொது நேரம். செட்டிங்கில் +5.30 என்று மாற்றாவிட்டால், இரவு 8 மணிக்கு நீங்கள் வைத்த டைமர் நள்ளிரவு கழிந்து 1.30-க்கு ஓடும். எங்கள் முதல் பதிவு இப்படித்தான் போயிற்று. தராவீஹ் முடிந்து வந்து பார்த்தால் பென் டிரைவ் காலி.

*சுவிட்ச்:* டைமர் வைத்துவிட்டு, வழக்கம்போலச் சுவர் சுவிட்சை அணைத்துவிட்டுப் பள்ளிக்குப் போனால் எதுவும் பதிவாகாது. பெட்டிக்கு மின்சாரம் இருக்க வேண்டும். டி.வி. ஓட வேண்டிய அவசியம் இல்லை. அதை அணைத்துவிடலாம். வீட்டில் யாரும் இல்லாதபோதும் பெட்டி தன் வேலையைச் செய்யும்.

*கூடுதல் நேரம்:* ஆட்டத்துக்கு டைமர் வைக்கும்போது 10 நிமிடம் முன்னதாகத் தொடங்கி, ஒரு மணி நேரம் பின்னால் முடியுமாறு வையுங்கள். கடைசி ஓவர் போகாமல் இருக்கும்.

*இடம்:* சாதாரணத் தரத்தில் ஒரு மணி நேரம் சுமார் 1.5 முதல் 2 ஜி.பி. வரை பிடிக்கும். எச்.டி.யில் 3 முதல் 4 ஜி.பி. வரை. ஒரு டி20 ஆட்டத்துக்கு எச்.டி.யில் 10 முதல் 14 ஜி.பி. வேண்டும். 50 ஓவர் ஆட்டத்துக்கு 32 ஜி.பி. போதாமல் போகலாம். 64 வாங்குங்கள்.

*4 ஜி.பி. வரம்பு:* புதிய பென் டிரைவ்கள் பல ஃபேட்32 என்ற அமைப்பில் வருகின்றன. அதில் ஒரே கோப்பு 4 ஜி.பி.யைத் தாண்ட முடியாது. நல்ல பெட்டிகள் தாமாகவே கோப்பைத் துண்டு துண்டாகப் பிரித்துக்கொள்ளும். சில பெட்டிகள் ஒரு மணி நேரத்தில் நின்றுவிடும். உங்கள் பெட்டி ஏற்றுக்கொண்டால் என்.டி.எஃப்.எஸ். அமைப்புக்கு மாற்றுங்கள். மாற்றும்போது உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும் என்பதை நினைவில் வையுங்கள்.

*போலி பென் டிரைவ்:* நடைபாதையில் மிக மலிவாகக் கிடைக்கும் "512 ஜி.பி." பென் டிரைவ்களை நம்ப வேண்டாம். உள்ளே இருக்கும் உண்மையான இடம் அதில் ஒரு சிறு பங்குதான். அது நிரம்பியதும் பதிவு கெட்டுப்போகும்.

*ஹார்டு டிஸ்க்:* செட்டாப் பாக்ஸின் யு.எஸ்.பி. துளை தரும் மின்சாரம் பல ஹார்டு டிஸ்க்குகளுக்குப் போதாது. தனி மின் இணைப்புள்ள யு.எஸ்.பி. ஹப் வழியாக இணையுங்கள்.

*மின்வெட்டு:* பதிவின் நடுவே மின்சாரம் போனால் கோப்பு திறக்காமல் போகலாம். உங்கள் பெட்டி 12 வோல்ட் அடாப்டரில் ஓடுவதாக இருந்தால், இணைய ரவுட்டருக்கு விற்கும் சிறிய யு.பி.எஸ். பொருந்தும். அடாப்டரின் வோல்ட், ஆம்பியர் எண்களைப் பார்த்து வாங்குங்கள்.

*மழையும் வெயிலும்:* கனமழையில் சில நிமிடங்கள் படம் உறைவது இயல்பு. மார்ச் நடுவிலும் செப்டம்பர் இறுதியிலும் சில நாட்கள் முற்பகல் 11 மணியை ஒட்டிச் சில நிமிடங்கள் சிக்னல் போகும். சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வருவதால் ஏற்படுவது அது. பெட்டியில் கோளாறு இல்லை. இடி மின்னல் நேரத்தில் மட்டும் பெட்டியிலிருந்து கேபிளைக் கழற்றிவிடுங்கள்.

*ஒரே நேரத்தில் இரண்டு:* ஒரு சேனல் பதிவாகிக்கொண்டிருக்கும்போது வேறு சேனல் பார்க்க முடியுமா? ஒரே அலைவரிசைத் தொகுப்பில் வரும் சேனல்களுக்குள் பல பெட்டிகள் அனுமதிக்கும். வேறு தொகுப்பில் இருந்தால் முடியாது.

பதிவான கோப்பு பெரும்பாலும் '.டிஎஸ்' வகையில் இருக்கும். கணினியிலும் போனிலும் வி.எல்.சி. என்ற இலவசச் செயலியில் ஓடும். ஆனால் சில பெட்டிகள் தமக்கு மட்டுமே புரியும் வடிவில் பதிகின்றன. இதையும் கடையிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

வேறு வழிகள்

சில டி.வி.களில் செயற்கைக்கோள் டியூனர் உள்ளேயே இருக்கிறது. டிஷ் கேபிளை நேராக டி.வி.யில் செருகினால் போதும், பெட்டி வேண்டாம். இத்தகைய டி.வி.களுக்கென இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஐ.எஸ். 18112:2022 என்ற தரத்தை வெளியிட்டிருக்கிறது. புது டி.வி. வாங்க இருப்பவர்கள் இந்த வசதியும் அதில் பதிவு வசதியும் உண்டா என்று கேளுங்கள்.

இணையம் நன்றாக உள்ள வீட்டில், பிரசார் பாரதி 2024 நவம்பரில் தொடங்கிய வேவ்ஸ் செயலியில் தூர்தர்ஷன் சேனல்களைப் பார்க்கலாம்.

கட்டண டி.டி.எச். நிறுவனங்களின் பதிவுப் பெட்டிகள் வசதியானவை. ஆனால் அவற்றின் பதிவுகள் பொதுவாக அந்தப் பெட்டிக்குள் பூட்டப்பட்டிருக்கும். பென் டிரைவுக்கு மாற்ற முடியாது. நாம் இங்கே சொல்லும் முறையில் பதிவு நம் கையில் இருக்கும்.

சட்டமும் மார்க்கமும்

"ஒளிபரப்பைப் பதிவு செய்வது திருட்டாகாதா?" என்று சிலர் கேட்கிறார்கள். நல்ல கேள்வி. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957, பிரிவு 39 இதற்குப் பதில் தருகிறது. ஒருவர் தம் சொந்தப் பயன்பாட்டுக்காகவோ, உண்மையான கற்பித்தலுக்கோ ஆய்வுக்கோ மட்டும் ஒளிபரப்பைப் பதிவு செய்வது உரிமை மீறல் ஆகாது. வீட்டில் குடும்பத்தோடு பார்க்கலாம். மதரஸாவில் பாடம் நடத்தும் நோக்கத்துக்கு மட்டும் ஒரு கல்வி நிகழ்ச்சியைப் பதிவு செய்வதும் இதில் அடங்கும். அந்தப் பதிவை விற்பது, யூடியூபில் ஏற்றுவது, வாட்ஸ்அப் குழுக்களில் பரப்புவது ஆகியவற்றுக்கு இந்தச் சலுகை கிடையாது.

இன்னொரு வகைப் பெட்டியும் ஊருக்கு ஊர் விற்கப்படுகிறது. "வருடத்துக்கு ஒரு சின்னத் தொகை கட்டுங்கள், எல்லாக் கட்டணச் சேனல்களும் வரும்" என்பார்கள். உரிமம் இல்லாமல் சேனல்களைத் திருடித் தரும் பெட்டி அது. சட்டப்படி குற்றம் என்பது ஒரு பக்கம். பிறர் பொருளை முறையற்ற வழியில் உண்பதைத் திருக்குர்ஆன் (2:188) தடுத்திருக்கிறது. 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமியின் 5-வது அமர்வு, எழுத்து, கண்டுபிடிப்பு, வணிகப் பெயர் போன்றவற்றின் உரிமைகளும் ஷரீஅத் பாதுகாக்கும் உரிமைகளே, அவற்றை மீறக் கூடாது என்று தீர்மானித்தது. ஹலாலாக, இலவசமாக ஒன்று கிடைக்கும்போது சந்தேகமானதைத் தேடிப் போக வேண்டியதில்லை.

வீட்டுக்கு என்ன நன்மை?

பதிவு வசதி வந்தபின் எங்கள் வீட்டில் மாறியவை இரண்டு. மஃரிப் பாங்கு சொன்னதும் டி.வி.யை அணைப்பதில் இப்போது சண்டை இல்லை. பார்த்துக்கொண்டிருந்தது பதிவாகிக்கொண்டிருக்கும் என்று பிள்ளைகளுக்குத் தெரியும். அடுத்து, எதைப் பார்ப்பது என்பது எங்கள் கைக்கு வந்தது. பெரியவர்கள் முதலில் பார்த்து, குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கத் தகாத விளம்பரங்களை ஓட்டிவிட்டு, பிள்ளைகளுக்குக் காட்டலாம். மூன்று மணி நேர ஆட்டம் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. மிச்சமாகும் நேரம் பிள்ளைகளின் படிப்புக்கும் ஓதலுக்கும் கிடைக்கிறது.

ஒன்றை மட்டும் கவனத்தில் வையுங்கள். பதிவு செய்ய முடிகிறது என்பதற்காக எல்லாவற்றையும் பதிவு செய்து, இரவெல்லாம் விழித்துப் பார்த்து, சஹரையும் ஃபஜ்ரையும் இழந்தால் இந்த வசதியே சோதனையாகிவிடும். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று வீட்டில் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். பார்த்து முடித்ததை அழித்துவிடுங்கள்.

அடுத்த ரமளானில் இஷாவுக்குப் பாங்கு ஒலிக்கும்போது ஆட்டம் எந்த நிலையில் இருந்தாலும், நம் வாலிபர்கள் ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு நிம்மதியாக எழுந்து போகட்டும். அல்லாஹ் நம் நேரத்திலும் பொருளிலும் பரக்கத் செய்வானாக, ஆமீன்.